ஒரு தகடு, இரண்டு நாய்கள்

1. மூன்றாம் கூண்டு

மூன்றாம் கூண்டில் கிடந்த நாயை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஆனாலும் அது எந்த நாய் என்று எனக்குத் தெரிந்தது. பழுப்பு நிறம். முகவாயில் நரை. இடக்காது நுனியில் பிளவு. பின்னங்கால் ஒன்று மட்டும் வெள்ளை. இந்த நான்கு அடையாளங்களையும் ஐந்து நாளுக்கு முன் லைசன்ஸ் புத்தகத்தில் எழுதியது நான்தான். எழுதிய பெயர் ஜிம்மி. ஊர் அம்பிட்டிய. சொந்தக்காரர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார்.

அது ஒரு வியாழக்கிழமை காலை. காய்ச்சலில் இரண்டு நாள் லீவு எடுத்துவிட்டு அன்றுதான் வேலைக்குத் திரும்பியிருந்தேன். மேசையில் மூன்றாம் நாள் லிஸ்ட் கையெழுத்தாகிக் கிடந்தது. அதில் மூன்றாம் கூண்டும் இருந்தது.

இன்று இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு அந்த லிஸ்ட் என்னவென்று தெரிந்திருக்காது. 1930களின் தொடக்கத்தில் நான் கண்டியில் நாய்ப்பட்டி கிளாக்கராக இருந்தேன். தெருவில் பிடிபடும் நாய்களை அடைத்து வைக்கும் இடம்தான் பட்டி. விசர்நாய்ப் பயம், வெறிநாய்க் கடிப் பயம், எல்லோருக்கும் இருந்த காலம். லைசன்ஸ் எடுத்த நாயின் கழுத்தில் இலக்கம் வெட்டிய பித்தளைத் தகடு தொங்க வேண்டும். தகடு இல்லாத நாய் தெருவில் நின்றால் வண்டியில் ஏறும். மூன்று நாள் வைத்திருப்போம். யாரும் கேட்டு வராவிட்டால் மூன்றாம் நாள் பகல் பன்னிரண்டு மணிக்குக் கொல்லும் மருந்து. லிஸ்ட் என்பது அந்த நாய்களின் கூண்டு இலக்கங்கள்.

நாய் பிடிக்கும் மாரிமுத்துவைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"இது எங்க புடிச்சது?"

"மார்க்கட்டுக்குப் பின்னாடிங்க, செவ்வாக்கெழம காலையில. ஒரு வீட்டு வாசல்ல படுத்திருந்துச்சு. அந்த வீட்டுக்காரங்க எங்க நாய் இல்லேன்னுட்டாங்க. ஓடவும் இல்ல, கடிக்கவும் இல்ல. இவ்வளவு மரியாதையான நாய நான் புடிச்சதே இல்லீங்க."

"கழுத்துல பட்டை இருக்கே?"

"பட்டை இருக்கு. தகடு எங்க இருக்கு?"

தகடு எங்கே இருந்தது என்பது எனக்குத் தெரியும். அது வேறொரு நாயின் கழுத்தில் இருந்தது. அங்கே போட்டுவிடச் சொன்னவனும் நான்தான்.

2. சனிக்கிழமை செய்த யோசனை

முந்திய சனிக்கிழமை வாத்தியார் சூசைமுத்து ஜிம்மியின் லைசன்ஸைப் புதுப்பிக்க வந்தார். நாயைக் கூட்டி வரவில்லை. பழைய தகட்டைக் கழற்றி வந்து கொடுத்தார். வழமைப்படி அதை வாங்கிக்கொண்டு புதுத் தகடு கொடுத்தேன். எழுதி முடிக்கும் நேரத்தில் அவர் கூண்டுகளைப் பார்க்கப் போனார். பார்க்கப் போகிறவர்கள் பொதுவாக உடனே திரும்பிவிடுவார்கள். இவர் திரும்பவில்லை.

ஆறாம் கூண்டில் விலா எலும்பு தெரியும் ஒரு கறுப்பு நாய் இருந்தது. அதற்கு அன்று மூன்றாம் நாள்.

"இத நான் கொண்டு போகலாமா, கிளாக்கர்?" என்றார்.

"தாராளமாகக் கொண்டு போகலாம். லைசன்ஸ் எழுதட்டுமா?"

அவர் தலையைச் சொறிந்தார். "வீட்டுல கேக்காம கொண்டு போறேன். அவ என்ன சொல்லுவான்னு தெரியல்ல. ஜிம்மி வேற இருக்கு. ரெண்டும் ஒத்துப் போகுதான்னு பாத்துட்டு எழுதினா என்ன?"

தகடு கட்டாமல் எந்த நாயும் பட்டி வாசலைத் தாண்டக்கூடாது என்பது விதி. நாள் முழுவதும் விதிகளை எழுதிக்கொண்டிருப்பவனுக்கு அவற்றைச் சுற்றிப் போகும் வழியும் தெரிந்திருக்கும். நான் சொன்னேன்: "ஜிம்மி வீட்டை விட்டு வெளியே போகுமா?"

"பதினோரு வயசு. வாசல் படிய விட்டு எறங்காது."

"அப்படியென்றால் இந்தப் புதுத் தகட்டை இதன் கழுத்தில் போடுங்கள். உங்கள் ஊர்த் தெரு தெரியாத நாய், ஓடினாலும் மாரிமுத்து தொடமாட்டான். ஜிம்மிக்கு அவசரமில்லை."

மாரிமுத்துவே ஒரு நூல்கயிற்றில் தகட்டைக் கோர்த்துக் கட்டிவிட்டான். வாத்தியார் நன்றி சொல்லிப் போனார். கெட்டிக்கார யோசனை சொல்லிவிட்டதாக நானும் நினைத்துக்கொண்டேன்.

3. அம்பிட்டிய மேடு

வியாழக்கிழமை காலை இன்ஸ்பெக்டரிடம் போய் நடந்ததில் பாதியைச் சொன்னேன். அவர் யாழ்ப்பாணத்துக்காரர்; எங்களை 'காணும்' என்றுதான் விளிப்பார். சத்தம் போட்டுப் பேசமாட்டார்.

"லைசன்ஸ் உள்ள நாயெண்டு நீர் சொல்லுறீர். புத்தகத்திலையும் கிடக்கு. ஆனா தகடு எங்க, காணும்?"

"வீட்டில் இருக்கிறது, ஐயா."

"அப்ப கொண்டரச் சொல்லும். தகட்டைக் கண்ணால கண்டால் விடுவன். பன்னிரண்டு மணி வரைக்கும் பாப்பன். ஒரு ஆளுக்கு விட்டுக் குடுத்தால் நாளைக்கு ஊர் முழுக்க வந்து நிக்கும்."

அப்போது எட்டரை மணி. சைக்கிளை எடுத்தேன். குளக்கரை வரை மிதித்தேன். அம்பிட்டிய ஏற்றத்தில் இறங்கித் தள்ளினேன். இரண்டு நாள் காய்ச்சல் காலில் தெரிந்தது.

வாத்தியார் பள்ளிக்கூடம் போயிருந்தார். அவருடைய மனைவி பிலோமினா அம்மாள் வாசலில் நின்றார். உள்ளே சமையலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து நாய் குரைத்தது.

"ஜிம்மி எங்களிடம் பட்டியில் இருக்கிறது, அம்மா," என்றேன்.

அவர் படியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு பேசத் தொடங்கியவர் நிறுத்தவில்லை.

"மூணு நாளா தேடுறோங்க. அவுக விடிய எந்திரிச்சுத் தேயிலைக்குள்ள எல்லாம் போய்க் கூப்பிட்டுட்டு வாறாக. டவுனுக்குப் போயிருக்கும்னு யாரு நெனச்சா! எங்க புடிச்சாங்க?"

"மார்க்கட்டுக்குப் பின்னால். ஒரு வீட்டு வாசலில் படுத்திருந்ததாம்."

"சேசுவே! அது நாங்க முன்னாடி குடியிருந்த வீடு. அங்கேருந்து வந்து நாலு வருசமாச்சு."

நடந்ததைச் சொன்னார். சனிக்கிழமை வாத்தியார் கறுப்பு நாயை நேரே முன் வாசலால் கூட்டி வந்திருக்கிறார். ஜிம்மி படுக்கும் இடமே அந்த வாசல்தான். சாவிலிருந்து வந்ததென்று கறுப்பு நாய்க்கு, வேதத்தில் கல்லறையிலிருந்து எழுந்து வந்த லாசருவின் பெயரையும் வைத்துவிட்டார். பிலோமினா அம்மாளின் தாய் வீட்டில், வெளியிலிருந்து வந்த நாய்க்கும் வீட்டு நாய்க்கும் ஒரே கோப்பையில் சோறு வைப்பார்களாம். ஒரே கோப்பையில் தின்றால் உடன்பிறப்பாகிவிடும் என்பது அவர்கள் எண்ணம். அவரும் அப்படியே பாற்சோறு பிசைந்து இரண்டுக்கும் நடுவே வைத்தார்.

"வச்ச நிமிசம் சண்டைங்க. பட்டினி கெடந்தது வாரித் திங்குது. இது தன்னோட கோப்பைனு பாயுது. ஜிம்மிக்கு ஒதட்டுல ரத்தம். அதுக்கப்புறம் கோப்பை பக்கமே வரல்ல. ஞாயித்துக்கெழம பூரா திங்கல்ல. திங்கக்கெழம பொழுது சாய எந்திரிச்சுப் போயிருச்சு. நாந்தான் வெரட்டிட்டேன் போல."

"நீங்கள் இல்லை, அம்மா," என்றேன். அந்தத் தகட்டு யோசனை யாருடையது என்பதையும், பன்னிரண்டு மணிக்குள் தகடு பட்டிக்கு வர வேண்டும் என்பதையும் சொன்னேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். திட்டியிருந்தால் சுகமாக இருந்திருக்கும்.

"தகட்ட கழட்டிக் குடுத்துருவேன்," என்று சொல்லி எழுந்தார். "ஆனா அது கழுத்துல கை வைக்க விடாதுங்க. அவுக தொட்டதுக்கே பல்லக் காட்டுச்சு."

சுருக்குக் கம்பியில் பிடிபட்ட நாய்கள் பல அப்படித்தான். கழற்றிப் பார்க்க நேரமும் இல்லை. பத்து மணி ஆகிக்கொண்டிருந்தது. நாயையே கூட்டிப் போவதுதான் வழி. வயிற்றைச் சுற்றி ஒரு கயிறு கட்ட மட்டும் லாசரு விட்டது.

கதவைப் பூட்டிக்கொண்டே அவர் சொன்னார்: "கூட்டியாந்த அன்னைக்கே அவுககிட்ட சொல்லிட்டேன். எட்டு நாள் பாப்பேன், சரிவரல்லன்னா திருப்பிக் கொண்டுபோய் விட்டுருவேன்னு."

அன்று ஆறாம் நாள். அவர் திருப்பிக் கொண்டுபோய் விடத்தான் வருகிறாரோ என்று இறக்கம் முழுவதும் யோசித்துக்கொண்டே சைக்கிளை உருட்டினேன். கேட்கத் துணிவில்லை.

4. பட்டி வாசல்

பதினொன்றே கால். பட்டியின் தகரக் கதவு தெரிந்ததும் லாசரு நின்றுவிட்டது. கயிற்றை இழுத்தும் வரவில்லை. நான்கு கால்களும் நடுங்கின. வாசலில் மாரிமுத்து நின்றான்.

"அட, இது நான் போன வாரம் புடிச்ச ஆளு! சாப்பாடு புடிக்கலயாம்மா, திரும்பி வந்துட்டாரு?"

"வாய மூடுய்யா," என்றார் பிலோமினா அம்மாள்.

இன்ஸ்பெக்டர் வெளியே வந்தார். லாசருவின் கழுத்தைப் பார்த்தார். கையிலிருந்த லைசன்ஸ் புத்தகத்தைப் பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்தார்.

"என்ன காணும் இது? ஒரு தகடு, ரெண்டு நாயோ?"

சொல்லாமல் விட்ட மற்றப் பாதியைச் சொன்னேன். தகடில்லாமல் ஒரு நாயை வெளியே விட்டது நான்தான் என்றேன். அவர் புத்தகத்தை மூடினார்.

"சரி. இந்த இலக்கம் பழுப்பு நாய்க்குரியது. கழட்டி அதுக்குப் போடும். அதை விடலாம். ஆனா கழட்டின உடனை இந்தக் கறுப்பு, தகடில்லாமல் பட்டி வாசலிலை நிக்கிற நாய். அதையும் யோசிச்சீரோ?"

யோசித்திருந்தேன். அதனால்தான் பிலோமினா அம்மாளின் முகத்தைப் பார்க்காமல் நின்றேன். கயிற்றைக் கீழே போட்டால் போதும். எட்டு நாள் கெடு அவருடையது. யாரும் குறை சொல்ல முடியாது.

அவர் இன்ஸ்பெக்டரிடம் சொன்னார்: "ஒன்னக் குடுத்துட்டு ஒன்னக் கூட்டிட்டுப் போக நான் வரல்லங்க."

பிறகு என் பக்கம் திரும்பினார். "புத்தகத்த எடுங்க, கிளாக்கர். கறுப்பு நாய். பேரு லாசரு. எழுதுங்க."

"எட்டு நாள் இன்னும் ஆகவில்லையே, அம்மா?"

"ஆயிருச்சு. எழுதுங்கன்னா எழுதுங்க. சொந்தக்காரர்ங்கற எடத்துல அவுக பேர் வேணாம். என் பேரப் போடுங்க."

எழுதினேன்.

லாசருவின் கழுத்திலிருந்த ஜிம்மியின் தகட்டைக் கழற்றியது மாரிமுத்து. கம்பியைச் சுவரில் சாத்திவிட்டு லாசருவுக்கு எதிரே குந்தினான். "பின்னாலேருந்து கை கொண்டு போகாதீங்கம்மா. நாங்க சுருக்குப் போடுறது பின்னாலேருந்துதான். எதுனாலும் முன்னால காட்டிட்டுச் செய்ங்க." லாசருவுக்கான புதுத் தகட்டை உள்ளங்கையில் வைத்து நீட்டினான். நாய் முகர்ந்தது. இன்னொரு முறை முகர்ந்தது. அதன் கண் முன்னாலேயே பழைய முடிச்சை அவிழ்த்துப் புதியதைக் கட்டினான். பல் தெரியவில்லை.

மூன்றாம் கூண்டைத் திறந்தபோது ஜிம்மி மெதுவாக எழுந்தது. கழற்றிய தகட்டை அதன் பட்டையில் மாட்டினேன். பிலோமினா அம்மாளின் சேலையில் முகத்தை வைத்துக்கொண்டு அப்படியே நின்றது. நான் லிஸ்டில் மூன்றாம் இலக்கத்தை அடித்தேன். இன்ஸ்பெக்டர் பக்கத்தில் கையெழுத்து வைத்தார். மணி பன்னிரண்டாகப் பத்து நிமிடம் இருந்தது.

5. திரும்பிய வழி

இரண்டு நாய், ஒரு பெண், மூன்று மைலுக்குக் குறையாத வழி. இன்ஸ்பெக்டர் என்னிடம், "நீர் செய்த வேலை, நீரே கொண்டுபோய் விட்டிட்டு வாரும்," என்றார். ஜிம்மியைப் பிலோமினா அம்மாள் பிடித்தார். லாசருவை நான் பிடித்தேன். தெருவின் இரு ஓரமாக நடந்தோம்.

முதலில் இரண்டும் ஒன்றையொன்று பார்க்கவில்லை. குளக்கரையில் ஒரு மரத்தடியை ஜிம்மி முகர்ந்து நனைத்தது. நாங்கள் கடக்கும்போது லாசருவும் அதே மரத்தடியை முகர்ந்தது. அடுத்த மரத்திலும் அப்படியே. ஏற்றம் தொடங்கும் இடத்தில் இரண்டும் தெருவின் ஒரே பக்கத்துக்கு வந்துவிட்டன. நாங்கள் இழுக்கவில்லை. அங்கே காவலுக்கு வாசலில்லை, போட்டிக்குக் கோப்பையில்லை. இரண்டுக்கும் ஒரே தெரு, ஒரே வெயில், ஒரே மேடு.

பாதி ஏற்றத்தில் ஜிம்மிக்கு மூச்சு வாங்கியது. உட்கார்ந்தது. லாசரு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தது.

"பாருங்களேன்," என்றார் பிலோமினா அம்மாள் தாழ்ந்த குரலில். அரைவாசி சிரிப்பு, அரைவாசி அழுகை.

வீட்டு வாசலில் ஜிம்மியை முதலில் விடச் சொன்னேன். அது படியேறித் தன் இடத்தில் சுருண்டது. லாசரு கீழேயே நின்று, அது படுத்து முடித்த பிறகு ஏறியது. அம்மாள் இரண்டு கோப்பைகளை எடுத்தார். ஒன்றை முன் வாசலிலும் மற்றதைக் கொல்லைப்புறத்திலும் வைத்தார். ஜிம்மி சனிக்கிழமைக்குப் பிறகு வீட்டில் சாப்பிட்டது அன்றுதான். கோப்பையை வழித்துத் தின்றது. நான் ஒரு கோப்பை தேத்தண்ணீர் குடித்துவிட்டு, சைக்கிளை மிதிக்காமலே இறக்கத்தில் வந்தேன். காய்ச்சலும் அங்கேயே விட்டுப்போனதுபோல இருந்தது.

அதன் பிறகு நான் வேலையில் இருந்தவரை இரண்டு விஷயங்களை மாற்றவில்லை. தகடு என்பது அதைக் கட்டியிருக்கும் நாயை மட்டும் காக்கும். ஆகவே வாசல் திறக்குமுன் தகடு. யாருக்கும், எட்டு நாள் வைத்துப் பார்க்கிறவர்களுக்கும் விலக்கில்லை. மற்றது, பட்டியிலிருந்து நாய் கேட்டு வருகிறவர்களிடம் முதலில் கேட்பது: "வீட்டில் நாய் இருக்கிறதா? இருந்தால் அதையும் கூட்டி வாருங்கள். இரண்டும் ஒன்றாக நடந்து வீட்டுக்குப் போகட்டும்."

சனிக்கிழமைகளில் வாசலில் வீட்டு நாய்களோடு ஆட்கள் காத்திருக்கத் தொடங்கினார்கள். இன்ஸ்பெக்டர் ஜன்னலால் எட்டிப் பார்த்து, "என்ன காணும், இண்டைக்கு எத்தினை பேர் பொம்பிளை பாக்க வந்திருக்கினம்?" என்பார்.

எங்கள் பதிவுப் புத்தகத்தின் கடைசிக் கட்டம், திருப்பிக் கொண்டுவரப்பட்ட நாய்களுக்கானது. அந்த வியாழக்கிழமை லாசருவின் வரிசையில் எல்லாக் கட்டத்தையும் நிரப்பினேன், அது ஒன்றைத் தவிர. பின்னர் அதில் எழுத வேண்டிய தேவை வரவில்லை.