விலை சொன்னவர் வாங்கக் கூடாது

அக்டோபர் மாதத்தின் முதல் சனிக்கிழமையன்று எங்கள் ஊர்க் கண்காட்சித் திடலில் பழந்துப்பாக்கிச் சந்தை கூடும். மாட்டுக் கொட்டகையின் வைக்கோலைக் கூட்டித் தள்ளிவிட்டு, நீள மேசைகளைப் போட்டுவிடுவார்கள். வாசலை ஒட்டிய மேசை எங்கள் தேவாலயத்துப் பெண்களுடையது. அங்கே நாங்கள், மாவுக்குள் ஆப்பிளை வைத்துச் சுட்ட 'பை' என்னும் பலகாரமும் காப்பியும் விற்போம். துப்பாக்கி எண்ணெயும் வைக்கோலும் காப்பியும் கலந்த அந்த மணம், எழுத அமர்ந்த இந்த நேரத்திலும் எனக்கு நினைவில் எழுகிறது.

எங்களுக்கு எதிரே, மடக்கு நாற்காலியில், வெர்லின் ஆஸ்டாட் அமர்ந்திருப்பார். வாரத்தில் ஆறு நாள் எண்பது மைல் மண்சாலையில் பண்ணைகளுக்குக் கடிதம் கொண்டுசெல்லும் அஞ்சல்காரர் அவர். சந்தையில் அவர் எதையும் விற்றதில்லை. யார் பழைய ரிவால்வரைக் கொண்டுவந்து நீட்டினாலும், பார்த்து மதிப்பைச் சொல்வார். அதற்குக் கூலி ஒரு துண்டு பை. உருளையைத் திறந்து ஆறு அறைகளும் காலியா என்று முதலில் பார்ப்பார். பிறகு, சாளர வெளிச்சத்தில் சாய்த்து, பொறித்த எழுத்துகளின் விளிம்புகளை ஆராய்வார்.

"தேஞ்சது தேஞ்சபடி இருந்தா அது வயசு. மினுக்கி வெச்சா அது வேஷம்" என்பார்.

அந்தச் சந்தைக்கு எழுதப்படாத விதி ஒன்று இருந்தது: விலை சொன்னவர் அந்தப் பொருளை வாங்கக் கூடாது. முன்பு ஒரு வியாபாரி, கணவனை இழந்த பெண்ணொருத்தியிடம் குறைத்து மதிப்பிட்டுத் தானே வாங்கிக்கொண்டுபோனான். அதற்குப் பின் வந்த விதி அது. அதை மீறியவருடன் ஒருவரும் காப்பி அருந்த மாட்டார்கள்.

வெர்லின் அங்கே வந்து அமர்ந்ததற்கு வேறொரு காரணமும் இருந்தது. அவருடைய மனைவி நாடீன் அதை என்னிடம் மட்டும் சொல்லியிருந்தார். வெர்லினின் தந்தை எங்கள் ஊரின் காவலராக இருந்தவர். 1949ஆம் ஆண்டுப் பனிப்புயலில் மாடுகளெல்லாம் இறந்துபோகவே, தம் ரிவால்வரைக் கொடுத்துக் கறவைப்பசு ஒன்றை மாற்றிக்கொண்டார். வெர்லினுக்கு அப்போது ஒன்பது வயது. அந்தப் பசுவின் பாலைக் குடித்தே வளர்ந்தார். ஆயினும் அந்தப் பசுவை அவர் கடைசிவரை மன்னிக்கவில்லை. ரிவால்வரின் பிடியடியில் பொறித்திருந்த ஆறிலக்க எண் அவருக்கு மனப்பாடம். கைக்கு வரும் ஒவ்வொரு ரிவால்வரையும், காலியா என்று பார்க்கும் சாக்கில், விலை சொல்ல வாய் திறப்பதற்கு முன்பே கவிழ்த்து அந்த எண்ணைத் தேடுவார்.

1987ஆம் ஆண்டுச் சந்தையில்தான் அவர் தவறினார்.

அந்த ஆண்டின் வசந்தத்தில் கணவரை இழந்திருந்த ஓர்டெல்லா ஃபென்ஸ்கே, பாத்திரம் துடைக்கும் துணியில் சுற்றிய ரிவால்வர் ஒன்றைக் கொண்டுவந்து அவர்முன் வைத்தார்.

"இது என்ன பெறும்னு பாத்துச் சொல்லுப்பா வெர்லின். எங்க வீட்டுக்காரர் ஊர்ப்பட்ட செலவு பண்ணி நிக்கல் முலாம் போட்டு வெச்சாரு. கண்ணாடியாட்டம் இருக்கு பாரு."

அருகில் நின்ற இரும்புக்கடை ஆர்விட் ட்வெய்ட் எட்டிப் பார்த்தார். "கண்ணாடியேதான். இதுல பாத்துச் சவரம் பண்ணிக்கலாம்."

"ஒன் மூஞ்சிக்கு இது பத்தாது ஆர்விட். பீரோக் கண்ணாடி வேணும்" என்றார் ஓர்டெல்லா.

வெர்லின் சிரித்தபடியே அதைக் கையிலெடுத்து உருளையைத் திறந்தார். அறைகள் காலியாக இருந்தன. அவருடைய தந்தையின் ரிவால்வர் கருநீல நிறம். ஆதலால் இந்தப் பளபளப்பைக் கவிழ்த்துப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை.

"வருத்தப்படாதீங்கம்மா. முலாம் பூசினதுலதான் வெலையே போச்சு. பாருங்க, விசையிலயும் சுத்தியிலயும்கூடப் பூசியிருக்கான். கம்பெனியில அதுல பூச மாட்டாங்க. எழுத்தெல்லாம் மழுங்கிப்போச்சு. பழைய நீலத்துல கீறலோட விட்டிருந்தா எரநூறு பெறும். இப்ப தொண்ணூறு டாலர்."

"காசக் குடுத்து வெலையக் கொறச்சிருக்காரா மனுசன்? உயிரோட இருந்தா இன்னிக்கு அவருக்குச் சாப்பாடு கெடையாது."

உருளையிலும் குழலிலும் உள்ள எண்கள் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பதற்காகவே வெர்லின் அதைக் கவிழ்த்தார். கவிழ்த்த கை அப்படியே நின்றது. நான் பையை நறுக்கிக்கொண்டிருந்தேன். அவருடைய உதடுகள் ஓசையின்றி ஆறு எண்களைச் சொல்லி முடித்ததைக் கண்டேன். நாடீன் சொன்னது நினைவுக்கு வர, என் கத்தியும் நின்றது.

"என்னப்பா, மொகம் இப்பிடி ஆயிடுச்சு? எண்ணு சரியில்லையா?" என்று ஓர்டெல்லா கேட்டார்.

ஆர்விட் அதற்குள் பணப்பையைத் திறந்துவிட்டார். "தொண்ணூறுன்னா எனக்கே குடுத்துருங்க. கடையில வெச்சா நாலு பேரு பாப்பாங்க."

ஒரு சொல் போதும். 'இது என் அப்பாவுடையது' என்றிருந்தால் அந்தக் கொட்டகையில் யாரும் அவரைத் தடுத்திருக்க மாட்டார்கள். வெர்லின் ரிவால்வரைத் துணியில் வைத்து, நான்கு முனைகளையும் மடித்தார்.

"எல்லா எண்ணும் ஒத்துப்போவுதும்மா. தொண்ணூறு நியாயமான வெலை. ஆர்விட்டுக்கே குடுங்க."

அன்று அவர் பை உண்ணவில்லை.

நவம்பரில், ஆணி வாங்கச் சென்ற நாடீன், கடையிலேயே அழுது ஆர்விட்டிடம் உண்மையைச் சொல்லிவிட்டார். அன்று மாலையே ஆர்விட் ரிவால்வருடன் அவர்கள் வீட்டுக்குப் போனார். அங்கே நடந்ததை நாடீன் எனக்கு வரிவரியாகச் சொன்னார்.

"இத்தன வருசமாத் தேடுனியாமே. வாயத் தொறந்து சொன்னா என்ன, மடையா? இந்தா, புடி. காசெல்லாம் வேணாம்."

"வேணாம் ஆர்விட். வெலை சொன்னது நான். கொறச்சுச் சொல்லி, ஒன்னைய விட்டு வாங்க வெச்சு, நானே எடுத்துக்கிட்டேன்னு ஆயிரும். ஓர்டெல்லாம்மா காதுக்குப் போனா அவங்க என்ன நெனைப்பாங்க?"

"அவங்க ஒண்ணும் நெனைக்க மாட்டாங்க."

"நெனைக்க மாட்டாங்க. என்னைய அவ்வளவு நம்புறாங்க. அதனாலதான் வேணாங்கறேன்."

ஆர்விட் ரிவால்வரைச் சாப்பாட்டு மேசையில் வைத்தாராம். "சரி, இது என்னுதுதான். ஆனா எண்ணெ போட்டுத் தொடைக்க எனக்குப் பொறுமை இல்ல. ஒன் வீட்டுல இருக்கட்டும். பத்திரமாப் பாத்துக்கோ."

வெர்லின் மறுக்கவில்லை. 'ஆர்விட் ட்வெய்ட்டின் உடைமை' என்று அஞ்சல்காரருக்கே உரிய திருத்தமான எழுத்தில் சீட்டெழுதி, அதன் பிடியில் கட்டிவிட்டார்.

அதன்பின் பதினான்கு ஆண்டுகள், சந்தை நாளன்று காலையில் அதைக் கொண்டுவந்து ஆர்விட்டின் முன் வைப்பார்; மாலையில் வீட்டுக்கு எடுத்துச் செல்வார். ஓர் ஆண்டு பில்லிங்ஸ் நகரத்து ஆள் ஒருவர் அதை வேண்டுமென்று ஆர்விட்டிடம் கேட்டார்.

"வெலை சொல்றவர் அவரு. அங்க கேளுங்க" என்று ஆர்விட் கை காட்டினார்.

வெர்லின் அதை வாங்கி, வெளிச்சத்தில் சாய்த்து, முன்பின் காணாத பொருளைப் போல ஆராய்ந்தார். "முலாம் பூசிக் கெடுத்த சாமானுங்க. இன்னிக்கு வெலைக்கு நூத்தி இருபது. அதுக்கு மேல பெறாது."

"நான் நானூறு தரேங்கறேன்."

"ஏமாறாதீங்க" என்றார் வெர்லின், மிகுந்த அக்கறையுடன். வந்தவர் குழம்பிப்போய் அடுத்த மேசைக்கு நகர்ந்தார்.

ஆர்விட் எங்கள் மேசைக்கு வந்து இரண்டு துண்டு பை கேட்டார். சிரிப்பை அடக்க முடியாமல் அவருடைய தோள்கள் குலுங்கின.

"பாத்தீங்களா? என் சாமானை என்னையே விக்க விட மாட்டேங்கறான்."

ஒரு துண்டைத் தாம் வைத்துக்கொண்டு, பெரிய துண்டை வெர்லினிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்.