மூத்தவளின் கருப்புத் திரை

லிஃப்ட் பழுது பார்க்கும் அந்தக் கம்பெனியின் புகார் பிரிவில் மூத்தவள் பல வருடமாக இருந்தாள். கொழுந்தன் மனைவியான இளையவளுக்கு அங்கே வேலை வாங்கிக் கொடுத்ததும் அவள்தான். வேலியில் போன ஓணானை மடியில் கட்டிக்கொண்டோம் என்று அவளுக்குச் சீக்கிரமே தெரிந்துபோனது.

புகார்கள் இரண்டு வழியில் வரும். லிஃப்டுகள் தாமாகவே அனுப்பும் பழுதுச் செய்திகள் ஆபீஸ் கம்ப்யூட்டரிலேயே வந்து விழும். வாடிக்கையாளர்களின் மெயில் வெளியே ஒரு சர்வரில் இருக்கும் பொதுப் பெட்டிக்குப் போகும். மூத்தவள் ஒன்றை மூடிவிட்டு இன்னொன்றைத் திறந்து பார்ப்பாள். இளையவளோ வந்த வேகத்தில் மவுஸை ஓரங்கட்டினாள். படமும் பொத்தானும் இல்லாமல் வெறும் எழுத்தாக ஓடும் ஒரு மெயில் புரோகிராமைப் போட்டு, இரண்டு பெட்டிகளையும் ஒரே கருப்புத் திரைக்குள் கொண்டுவந்தாள்.

"சின்னவ கை பட்டா வேலை பறக்குதும்மா," என்றார் தலைமை மெக்கானிக், அதுவும் மூத்தவளிடமே. வீட்டில் மாமியாரும் அதே பாட்டைத்தான் பாடினாள். மூத்தவளுக்கு வயிறு பற்றி எரிந்தது.

இளையவள் லீவு போட்ட ஒரு சனிக்கிழமை, மூத்தவள் அதே புரோகிராமைத் தன் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். இணையத்தில் தேடித் தேடி, புரோகிராம் எப்படி நடக்க வேண்டும் என்று சொல்லும் அமைப்புக் கோப்பில் ஒவ்வொரு வரியாக எழுதினாள். 'படித்த மெயில்களை உள்ளூர்ப் பெட்டிக்கு மாற்றவா?' என்பதற்கு ஒரு வரி இருந்தது. தன் கம்ப்யூட்டரிலும் ஒரு நகல் இருக்கட்டுமே என்று நினைத்து 'ஆம்' போட்டாள். பொதுப் பெட்டியில் இருந்த புகார்களை எல்லாம் பெருமையாகப் படித்துவிட்டு மூடினாள்.

திங்கள் காலை பொதுப் பெட்டி துடைத்து வைத்ததுபோல் கிடந்தது. லிஃப்ட் ஓடாமல் ஆறு மாடி நடந்து ஏறிய ஒருவர், தன் புகார் என்ன ஆனது என்று போனில் கத்தினார். மேனேஜர் நேராக இளையவளிடம் போனார்.

"உன் கருப்புத் திரை எல்லாத்தையும் முழுங்கிடுச்சா?"

"நான் சனிக்கிழமை வரவே இல்ல சார்," என்றவள் அழுதேவிட்டாள்.

மூத்தவளுக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. தன்னுடைய திரையையாவது காட்டிப் பெயர் வாங்கலாம் என்று புரோகிராமைத் திறந்தாள். உள்ளூர்ப் பெட்டியில் அத்தனை புகாரும் வரிசையாக உட்கார்ந்திருந்தன. அது நகலெடுக்கவில்லை, அள்ளிக்கொண்டு வந்திருந்தது. யாரும் பார்க்குமுன் எல்லாவற்றையும் குறியிட்டுப் பொதுப் பெட்டிக்கே திருப்பி அனுப்பினாள்.

சற்று நேரத்தில் மேனேஜரின் குரல் கேட்டது. "வந்துடுச்சு! சின்னவன்னா கொக்கா! எப்படியோ மீட்டுட்டாளே!"

மெக்கானிக்குகள் கைதட்டினார்கள். இளையவள் ஒன்றும் புரியாமல் விழித்தாள். மூத்தவள் வாயை மூடிக்கொண்டிருந்தால் தப்பித்திருப்பாள். ஆனால் அந்தக் கைதட்டலை அவளால் தாங்க முடியவில்லை.

"அவ ஒண்ணும் மீட்கல. நான்தான் திருப்பி அனுப்பினேன்!"

"நீங்களா? உங்ககிட்ட எப்படிம்மா போச்சு?" என்றார் மேனேஜர்.

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். அன்று முழுக்க ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் போன் போட்டு மன்னிப்புக் கேட்டாள் மூத்தவள்.

மாலையில் பஸ் நிறுத்தத்தில் இளையவள் பேசினாள். "நான் அழுதப்ப பாத்துக்கிட்டே நின்னீங்களேக்கா."

"நான் செஞ்ச வேலைன்னு அப்ப எனக்கே தெரியாதுடி."

"தெரியாதப்பவும் உங்க முகத்துல சந்தோஷம் இருந்துச்சு. அதைத்தான் சொல்றேன்."

பஸ்ஸில் இருவரும் தனித்தனி இருக்கையில் உட்கார்ந்து வந்தார்கள்.

மறுநாள் மூத்தவளே தன் மேஜைக்கு அருகில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். "அந்த வரியை எப்படி மாத்தறதுன்னு காட்டு."

இளையவள் உட்கார்ந்தாள். கீபோர்டில் அவள் விரல்கள் மழைபோல விழுந்தன. பார்க்கப் பார்க்க மூத்தவளுக்கு மறுபடியும் வயிறு எரிந்தது.

"மெதுவாடி. என் கண்ணும் கூட வரணும்ல."

இளையவள் சிரிக்கவில்லை. ஆனால் கீபோர்டை அவள் பக்கம் நகர்த்தி, "நீங்களே அடிங்க, நான் சொல்றேன்," என்றாள்.