துரைசாணியின் பியானோவும் என் பங்காக் கயிறும்

சுரங்கத் தூசி நெஞ்சில் இறங்கிவிட்டது, இனி கீழே போனால் தேறுவது கஷ்டம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் ஒரு துரையின் பங்களாவில் பங்கா இழுக்கும் வேலை கிடைத்தது. கூடத்தின் மேலே தொங்கும் துணி விசிறியின் கயிறு சுவர் ஓட்டை வழியாக வராந்தாவுக்கு வரும். அங்கே உட்கார்ந்து இழுத்துக்கொண்டிருக்க வேண்டும். இதுவும் போனால் எனக்கு மறுபடி ஷாப்டுதான், அந்தச் சுரங்கக் குழிதான். வேறு வேலைக்கு உடம்பில் பலமும் இல்லை, போதிய படிப்பும் இல்லை.

சாயங்காலங்களில் துரைசாணி பியானோ வாசிப்பார். அவரிடம் இரண்டு பாட்டுப் புத்தகங்கள் இருந்தன.

"ஒண்ணு அப்பன் எழுதினதாம், இன்னொண்ணு அவரு மவன் எழுதினதாம்," என்றார் பட்லர். "ரெண்டு பேரும் செத்து எத்தினியோ காலமாச்சு. அப்பன் வழியில மவன் போவலியாம். புதுசா இன்னாத்தையோ பண்ணிட்டாராம்."

அப்பாவின் பாட்டு எனக்குச் சுலபம். ஒரு கை சொன்னதை இன்னொரு கை பிடித்துக்கொண்டு பின்னாலேயே வரும். தண்டவாளத்தில் தொட்டிவண்டிகள் போவதுபோல இடைவிடாமல் போகும். என் கையும் அதோடு போய்விடும். அசதியில் கண் மூடினாலும் கயிறு நிற்காது.

மகன் அப்படியில்லை. வேகமாக ஓடிவந்து பாதியில் சட்டென்று நின்றுவிடுவார். சத்தமே இருக்காது. பிறகு வேறெங்கிருந்தோ மெல்ல ஆரம்பிப்பார். அந்தச் சத்தமில்லாத நேரத்தில் என் கையும் நின்றுவிடும். கீழே வேலை செய்தவர்களுக்கு இது புரியும். அங்கே சத்தம் திடீரென்று அடங்கினால் சுத்தியலை அப்படியே வைத்துக்கொண்டு பாறையைக் கவனிப்போம். விழப்போகிறதா என்று தெரிந்த பிறகுதான் கை அசையும்.

துரைக்கு வேர்த்தது. பட்லர் வெளியே வந்தார்.

"இன்னாப்பா, தூங்கிட்டியா?"

"இல்லண்ணே. பாட்டு நின்னுச்சு."

"பாட்டு நின்னா உனுக்கு இன்னா? நீ இன்னா கச்சேரிக்கா வந்துகீற? காத்துக்கு வந்துகீற. இன்னொரு தபா நின்னா ஷாப்டுக்கே அனுப்பிடுன்னு துரை சொல்லிட்டாரு."

கயிற்றைக் காலில் கட்டிப் பார்த்தேன். காலும் நின்றது.

மறுநாள் துரைசாணியே வராந்தாவுக்கு வந்தார். நான் எழுந்து தலை குனிந்து நின்றேன். மகனை வாசிக்கும்போது மட்டும் காற்று நிற்கிறதே, ஏன் என்று பட்லரைக் கேட்கச் சொன்னார். பாறை, சத்தம் என்றெல்லாம் அவரிடம் எடுத்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிறகு அவர் தமக்குத் தெரிந்த தமிழில் நேராகவே கேட்டார்.

"உனக்கு யார் பிடிக்கும்? அப்பா? மகன்?"

பட்லர் என் முகத்தையே பார்த்தார்.

"அப்பாதாங்க," என்றேன்.

துரைசாணிக்குச் சந்தோஷம். துரைக்கும் அப்பாதான் பிடிக்கும் என்று சொல்லிச் சிரித்துவிட்டு உள்ளே போனார்.

உண்மையில் நான் கேட்க ஆசைப்பட்டது மகனைத்தான். அவர் நிறுத்தும்போதெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொள்வேன். ஆனால் எதுவும் விழாது. யாரும் அலற மாட்டார்கள். கொஞ்சம் பொறுத்தால் பாட்டு திரும்ப வரும். அத்தனை வருஷம் கீழே இருந்தவனுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று எந்தத் தமிழில் சொல்வது?

அன்றிலிருந்து துரைசாணி அப்பாவை மட்டுமே வாசித்தார். துரைக்குக் காற்று குறையவில்லை. என்னையும் யாரும் கீழே அனுப்பவில்லை. கை தன்பாட்டுக்குப் போய்வந்தது. மகனுடைய புத்தகத்தை அலமாரியில் வைத்துவிட்டார்கள் என்று பட்லர் சொன்னார். சரி என்று தலையாட்டிவிட்டு இழுத்தேன்.