சூரியக்காவின் வடக்கு

மொட்டைமாடியில் கால் வைத்ததும் சூரியக்கா கைப்பேசி, சாவிக்கொத்து, ஸ்பேனர் எல்லாவற்றையும் கைப்பிடிச்சுவர் மேல் வரிசையாக வைத்துவிடுவாள். அப்புறம்தான் திசைகாட்டியைத் தொடுவாள். நான்கு மூலைக்கும் நடந்து போய்ப் பார்ப்பாள். நான்கிலும் முள் ஒரே பக்கம் காட்டினால் சரி. ஒரு மூலையில் முரண்டு பிடித்தாலும் திசைகாட்டி பைக்குள் போய்விடும்.

சோலார் தகடு பொருத்துவது தொழில். ஒன்பது வருடம் தகடு சுமந்து, போன மாதம்தான் குழுவுக்குத் தலைவியானாள். சூரியக்கா என்பது கூட வேலை செய்பவர்கள் வைத்த பெயர். வீட்டிலும் தொழில் விடாது. “அந்த வடக்குப் பக்கத்து டம்ளர எடுங்க” என்பாள். கணவர் கையை நீட்டியபடி முழிப்பார். “கையக் காட்டுடி, திசையக் காட்டாத.” விருந்தாளி வந்துவிட்டால் அதையே அவர் நான்கு முறை சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்வார்.

இன்றைக்கு ஒரு சின்ன மருத்துவமனையின் மாடி. தடுப்பூசி வைக்கும் குளிர்பெட்டி இந்தத் தகடுகளை நம்பித்தான் ஓடவேண்டும். தகடுகள் சரியாகத் தெற்கு பார்த்து நின்றால்தான் வெயில் முழுசாக விழும். இன்ஜினியர் முன்னாலேயே வந்து, இரும்புச் சட்டத்தின் மேல் கைப்பேசியை வைத்துத் திசை பார்த்து, தரையில் சாக்பீஸ் கோடு போட்டிருந்தார். வரைபடத்திலும் வடக்குக்கு அம்புக்குறி ஏறிவிட்டது. முப்பத்திரண்டு துளை போடவேண்டும். போட்டபின் திசை தப்பென்று தெரிந்தால் தளம் முழுக்க ஒட்டுப்போட வேண்டியதுதான். அக்காவின் திசைகாட்டி முள்ளோ மூலைக்கு ஒரு பக்கம் காட்டியது.

“கோடு தப்பு சார்.”

“போன்ல பாத்துத்தான் போட்டேன்க்கா.”

“அடியில இரும்பு இருக்கே, அது போனுக்குத் தெரியுமா? இருபது நிமிஷம் குடுங்க.”

“டிரில் போட ஆள் காத்துக்கிட்டு இருக்கு. நீங்க சொல்றது தப்பா இருந்தா?”

“நாளையில இருந்து மறுபடியும் தகடு தூக்கறேன்.”

 வார்த்தையை விட்டாயிற்று.

பெயின்ட் டப்பாவில் மணலை நிரப்பித் துடைப்பக் கம்பை நட்டாள். நிழலின் நுனியில் ஒரு புள்ளி வைத்தாள். வெயிலில் குழுவே சுற்றி நின்றது.  இருபது நிமிடத்தில் நிழல் அரைச் சாண் நகர்ந்திருந்தது. அங்கே இன்னொரு புள்ளி. முதல் புள்ளி மேற்கு, இரண்டாவது கிழக்கு. இரண்டையும் சேர்த்துக் கோடிழுத்து, செங்கோணம் பார்க்கும் மூலைமட்டத்தைக் குறுக்கே வைத்து வடக்கைப் பிடித்தாள். இன்ஜினியரின் கோடு அதற்குச் சம்பந்தமே இல்லாமல் எங்கேயோ போய்க்கொண்டிருந்தது.

அவர் கைப்பேசியைச் சட்டத்திலிருந்து எடுத்துத் தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்துப் பார்த்தார். திரையிலிருந்த அம்பு மெல்லத் திரும்பி அக்காவின் கோட்டோடு நின்றது. தன் கோட்டை ஷூவால் தேய்த்தார். பிறகு வரைபடத்தையும் பேனாவையும் நீட்டினார்.

“நீங்களே மாத்திக் கையெழுத்தும் போட்டுடுங்கக்கா.”

இத்தனை வருடத்தில் எந்த வரைபடத்திலும் யாரும் அவளைக் கையெழுத்துக் கேட்டதில்லை.  பழைய அம்பை அடித்துவிட்டுப் பாதிப் பக்கத்துக்கு ஓர் அம்பு வரைந்தாள். கையைச் சட்டையில் நன்றாகத் துடைத்துக்கொண்டு, அதன் கீழே தன் முழுப்பெயரை, இனிஷியலோடு, ஒவ்வோர் எழுத்தாக எழுதினாள்.