இல்லை என்று எழுதிக் கொடுத்தவர்

செய்தி வந்தபோது நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பால்கோவாக் கடையில் நின்றுகொண்டிருந்தேன். மறுநாள் எங்கள் அலுவலகத்துக்கு மேலிடத்திலிருந்து ஆய்வுக்கு வருகிறார்கள். வருகிறவர்கள் வெறுங்கையோடு திரும்பக் கூடாது என்பது எங்கள் சுகாதாரத் துறையில் எழுதப்படாத விதி. எழுதப்பட்ட விதிகளைவிட இதை நாங்கள் ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறோம். அரைக் கிலோப் பெட்டியாக ஆறு கட்டச் சொல்லிவிட்டு நின்றேன். கைபேசி அடித்தது.

"தம்பி, சுந்தரபாண்டியத்துல இருந்து பேசுதேன். கோமதி போயிட்டா. காலைல காப்பி குடிச்சிட்டு உக்காந்திருந்தா, அப்படியே சாஞ்சுட்டா. ஆபீஸ்ல வேற யாருக்கும் நான் சொல்லல. ஒங்ககிட்ட மட்டுந்தான் சொல்லுதேன்."

பேசியவர் கோமதி அக்காவின் கணவர். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர், அதிகம் பேசாதவர். "ஒங்ககிட்ட மட்டுந்தான்" என்று அவர் சொன்னது எனக்குச் சுருக்கென்று தைத்தது. ஏன் என்பதை இந்தக் கட்டுரை முடிவதற்குள் சொல்லிவிடுகிறேன். கடைக்காரர் பெட்டிகளை நீட்டினார், வாங்கிக்கொண்டேன்.

திருமதி கோமதி அவர்கள் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தாளுநராக இருந்தவர். ஜன்னலுக்கு உள்ளே நின்று, சீட்டைப் பார்த்து மாத்திரை எண்ணிக் கொடுப்பாரே, அந்த வேலை. நான் அதே நிலையத்தில் குமாஸ்தா. ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில், மெயின் ரோட்டை விட்டு மேற்கே இறங்கினால் வரும் ஊர். ஊரின் பெயரையும் அதிகாரிகளின் பெயரையும் நான் எழுதப் போவதில்லை. பயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள், நான் இன்னும் பணியில் இருப்பவன்.

அவர் மாற்றலாகி வந்த முதல் நாளே ஒரு பெரியவர் சர்க்கரை மாத்திரைக்கு வந்தார். மாத்திரை இல்லை. அதுவரை இருந்தவர்கள் என்ன செய்வார்கள் என்றால், "வெளிய வாங்கிக்கிடுங்க" என்று வாயால் சொல்லிச் சீட்டைத் திருப்பித் தள்ளுவார்கள். அக்கா பேனாவை எடுத்தார். சீட்டின் அடியில் "இருப்பில் இல்லை" என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு, முத்திரையும் குத்திக் கொடுத்தார். பெரியவர் அதை மேலும் கீழும் பார்த்தார்.

"இது எதுக்கு தாயி?"

"நீங்க வந்தீக, கேட்டீக, நாங்க குடுக்கல. இதுக்கு ஒரு சாட்சி வேணும்லா? அதான்."

பெரியவருக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. அன்று மதியமே அவரிடம் போய், "அக்கா, இதெல்லாம் வாயால சொல்லுங்க, கையால எழுதாதீக" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, "வாயால சொன்னா அது வெறும் பேச்சு தம்பி. தேதி போட்டு எழுதுனாத்தான் நடந்த மாதிரி" என்றார்.

இதில் ஒரு வேடிக்கை நடந்தது. ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த மெடிக்கல் கடைக்காரர் டீக்கடையில் வைத்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சொன்னார். எழுத்துக் கூட்டி மட்டும் படிக்கத் தெரிந்த ஒரு அம்மா சீட்டோடு வந்து, "அந்த மருந்துக்காரம்மா 'இருப்பில் இல்லை'ன்னு ஒரு மாத்திரை எழுதியிருக்காக, அதுல பத்து குடுங்க" என்று கேட்டாராம். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அன்றிலிருந்து நிலையத்தில் கோமதி அக்காவுக்கு 'இல்லையம்மா' என்று பெயர் விழுந்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. மறுநாளிலிருந்து மாத்திரையின் பெயரைத் தமிழில் பெரிதாக எழுதி, அதன் பக்கத்தில் 'இல்லை' என்று எழுத ஆரம்பித்தார்.

இப்போது என் பங்கைச் சொல்ல வேண்டும். மாதம் பிறந்தால் நான் ஓர் அறிக்கை அனுப்புவேன். அதில் 'தட்டுப்பாடு உள்ள மருந்துகள்' என்று ஒரு கட்டம். அதில் ஒரு மருந்தின் பெயரை எழுதிவிட்டால் அவ்வளவுதான், "ஏன் முன்கூட்டியே கேட்கவில்லை? யார் பொறுப்பு?" என்று தொலைபேசி அலறும். அதனால் நான் 'இல்லை' என்று எழுதுவேன். எல்லா நிலையத்திலும் 'இல்லை' என்று எழுதினார்கள். மாவட்டம் அதைத் தொகுத்து 'இல்லை' என்று மேலே அனுப்பியது. மேலே உள்ளவர்கள் நிம்மதியாகப் படித்துக் கையெழுத்துப் போட்டார்கள்.

ஒருநாள் என் மேசையில் இருந்த அந்த அறிக்கையை அக்கா பார்த்துவிட்டார். "நானும் இல்லைன்னுதான் எழுதுதேன், நீங்களும் இல்லைன்னுதான் எழுதுதீக. நல்ல பொருத்தம் தம்பி" என்று சொல்லிவிட்டு ஜன்னலுக்குப் போய்விட்டார். எனக்குக் கோபம் வந்தது. உண்மையைச் சொன்னவர்கள் மேல் வரும் கோபம் அது என்று அப்போது தெரியவில்லை.

ராஜபாளையம் நாய்க்குப் பேர் போன ஊர். அந்த உயர்ந்த ஜாதி நாய் யாரையும் கடித்து நான் பார்த்ததில்லை. கடித்ததெல்லாம் தெருநாய். மில்லில் இரவு ஷிப்ட் முடிந்து சைக்கிளில் வந்த மாரியப்பன் என்பவரைக் கெண்டைக்காலில் கடித்துவிட்டது. முதல் இரண்டு ஊசி எங்கள் நிலையத்திலேயே போட்டாயிற்று. மூன்றாவதுக்கு வந்த அன்று ஊசி மருந்து தீர்ந்திருந்தது. அக்கா அதற்கு முன்பே மூன்று முறை தேவைக் கடிதம் எழுதி என் கையில் கொடுத்திருந்தார். கடிதம் கொடுத்தால் பெற்றுக்கொண்டதற்கு எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிக்கொள்பவர், என்னிடம் மட்டும் வாங்கியதில்லை. நான் நகலில் கையெழுத்துப் போட்டு நீட்டினால், "ஒங்ககிட்ட எதுக்கு தம்பி" என்பார்.

அந்தக் கடிதங்களை நான் மேலே அனுப்பவில்லை. 'தட்டுப்பாடு இல்லை' என்று அறிக்கை அனுப்பிவிட்டு, ஊசி இல்லை என்ற கடிதத்தை எப்படி அனுப்புவது? கோப்பில் வைத்திருந்தேன்.

அக்கா என் மேசைக்கு வந்தார்.

"அவசரத்துக்கு மருந்து வாங்கன்னு ஒரு தலைப்புல துட்டு இருக்குல்ல தம்பி? அதுல ஊசி வாங்கலாமே."

"அது செலவாயிட்டுக்கா."

"எதுக்கு?"

"போன மாசம் ஆய்வுக்கு வந்தாகள்ல. சுவருக்குப் பெயிண்ட் அடிச்சு, பந்தல் போட்டு, பிளெக்ஸ் வச்சு…"

பால்கோவாவை நான் சொல்லவில்லை. அவருக்கே தெரியும். அந்தச் செலவுச் சீட்டுகளில் 'அவசர மருந்துக் கொள்முதல்' என்று எழுதியது என் கைதான். அக்கா வெளியே போய், "மாரியப்பா, ஊசி இல்ல. எழுதித் தாரேன். ராஜபாளையத்துலயும் இல்லையாம். மதுரைக்குப் போ, இன்னைக்கே போ, நாளைக்குன்னு வைக்காத" என்று சொல்லி, பஸ்ஸுக்குத் தன் பையிலிருந்து பணம் கொடுத்து அனுப்பினார்.

மாரியப்பன் மதுரைக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டார். ஆனால் மனிதர் அதோடு விடவில்லை. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனு நாளில் அந்தச் சீட்டையும் இணைத்து மனு கொடுத்துவிட்டார். விளைவாக எங்கள் நிலையத்து மருத்துவ அதிகாரியின் மேசையில் இரண்டு தாள்கள் வந்து சேர்ந்தன. ஒன்றில் 'ஊசி இருப்பில் இல்லை'. மற்றொன்றில் 'தட்டுப்பாடு இல்லை'. இரண்டில் ஒன்று பொய் என்று அவருக்குத் தெரிந்தது. எது பொய் என்று மருந்து அறையைத் திறந்து பார்த்திருக்கலாம், இருபதடி தூரம்தான். அவர் என்னைக் கூப்பிட்டு மெமோ டைப் அடிக்கச் சொன்னார்.

"அரசுக்கு அவப்பெயர் ஏற்படுத்தும் நோக்குடன், வெளிநோயாளிச் சீட்டில் தன்னிச்சையாகக் குறிப்பு எழுதியமைக்கு…" என்று போனது அந்த மெமோ. அடித்தது நான். அக்கா ஒரே வரியில் பதில் எழுதினார்: "இருப்பில் இல்லாததால் இல்லை என்று எழுதினேன்." கீழே கையெழுத்து, தேதி.

விசாரணை வந்தது. ஊசி கேட்டு அவர் முன்பே எழுதியிருந்தார் என்றால் அவர் மேல் குற்றமில்லை, பொறுப்பு மேலே போய்விடும். எழுதவில்லை என்றால் எல்லாம் அவர் தலையில் விழும். அக்கா சிரித்த முகத்தோடுதான் வந்தார்.

"தம்பி, அந்த மூணு கடுதாசிக்கும் காப்பி போட்டுக் குடுங்க. அம்புட்டுதான் வேணும்."

"பாத்துச் சொல்லுதேன்கா" என்றேன்.

அதிகாரி என்னைக் கூப்பிட்டார். "அது ஃபைல்ல இருக்கா?"

"இருக்கு சார்."

"இல்லைன்னு எழுதிருங்க."

எழுதினேன். 'தேடிப் பார்த்ததில் மேற்படி கடிதங்கள் கோப்பில் இல்லை.' மகளின் கல்லூரிக் கட்டணம், வீட்டுக் கடன் என்று இத்தனை வருடமும் எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். இங்கே அவற்றைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. கோழைத்தனம் என்பதுதான் சரியான சொல்.

அக்காவுக்கு இன்கிரிமென்ட் வெட்டு, கடைக்கோடி ஊருக்கு மாற்றல். மூன்று பஸ் மாறிப் போக வேண்டிய இடம். எங்கள் நிலையத்துக்கு மறு வாரமே நாய்க்கடி ஊசி வந்தது. பெட்டியோடு நின்று புகைப்படமும் எடுத்துக்கொண்டார்கள். கூடவே மாவட்டத்து அரசு ஆஸ்பத்திரிகள் எல்லாவற்றுக்கும் ஒரு சுற்றறிக்கை போயிற்று: சீட்டில் இருப்பு விவரம் எதுவும் எழுதக் கூடாது. அந்த வாசகத்தை அமைத்ததும் நான்தான். நல்ல தமிழ் என்று அதிகாரி பாராட்டினார்.

கிளம்பும் நாளில் அக்கா என் மேசைக்கு வந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன்.

"அந்தக் கடுதாசியக் கிழிச்சிட்டீகளா, வச்சிருக்கீகளா?"

நான் முன்னால் இருந்த பதிவேட்டைப் புரட்டினேன்.

"வச்சிருந்தா கிழிக்காதீக தம்பி. பொறவு ஒங்களுக்கே வேணும்" என்று சொல்லிவிட்டு, பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். அந்தப் பையில் அவருடைய முத்திரை இருந்தது.

அக்கா போன செய்தி வந்த அன்று மாலை, அந்த ஆறு பால்கோவாப் பெட்டிகளோடுதான் சுந்தரபாண்டியத்துக்குப் பஸ் ஏறினேன். வீட்டுக்குப் போய் வைத்துவிட்டு வர நேரமில்லை. துறையின் வாட்ஸ்அப் குழுவுக்கு எப்படியோ செய்தி போய், கும்பிடும் கைப் படங்களாக வந்து விழுந்துகொண்டிருந்தன. துறையிலிருந்து நேரில் வந்திருந்தது நான் ஒருவன்தான். மில்லிலிருந்து மாரியப்பன் வந்திருந்தார். என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டு, "சார், இப்ப நாய்க்கடி ஊசி இருக்கா?" என்று கேட்டார். "இருக்கு, இருக்கு" என்றேன். இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. வாய் பழகிவிட்டது.

அக்காவின் கணவர் என் கையிலிருந்த பையைப் பார்த்தார்.

"யாருக்கு தம்பி இது?"

"நாளைக்கு ஆய்வு…"

"இன்னும் நீங்கதான் வாங்குதீகளா?" என்றார். கேலியாகக் கேட்கவில்லை, அதனால்தான் தாங்க முடியவில்லை. உள்ளே போய் ஒரு வெளிநோயாளிச் சீட்டை எடுத்து வந்தார்.

ஓய்வுக்குப் பிறகு இருதய நோய் வந்தும் அக்கா அரசு ஆஸ்பத்திரிக்குத்தான் போனாராம். "இம்புட்டு வருசம் ஜன்னலுக்கு உள்ள நின்னேன், இப்ப வெளிய நின்னு பாக்கேன்" என்பாராம். போன வாரம் ஒரு மாத்திரை இல்லை என்றிருக்கிறார்கள். அக்கா சீட்டை நீட்டி, "இல்லைன்னு எழுதிக் குடும்மா" என்று கேட்டிருக்கிறார். ஜன்னலில் இருந்த பெண், "மேடம், எழுதக் கூடாதுன்னு சர்குலர் இருக்கு" என்றாளாம்.

"அரை மணி நேரம் நின்னா தம்பி. காலு ரெண்டும் வீங்கிக் கெடக்கு, நிக்கா. நான் வெளிய வாங்கிக் குடுத்துட்டேன், மாத்திரைக்கு ஒண்ணும் இல்ல. ஆனா அவளுக்கு எழுத்துதான் வேணும். கடைசி வரைக்கும் எழுதல."

சீட்டின் அடிப்பகுதி வெறுமையாக இருந்தது. வீங்கிய காலோடு அரை மணி நேரம் நின்றதுதான் அவரைக் கொண்டுபோனது என்று நான் சொல்ல மாட்டேன். அதைச் சொல்ல மருத்துவர் வேண்டும், நான் குமாஸ்தா. அந்த வெற்றிடம் யாருடைய வேலை என்று மட்டும் எனக்குத் தெரியும். பெட்டிகளை அந்த வீட்டு நாற்காலிக்கு அடியிலேயே விட்டுவிட்டு வந்தேன். மறுநாள் ஆய்வுக்கு வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். என் பணிக்காலத்தில் இப்படி ஒன்று நடந்தது அதுவே முதல் முறை.

பதினாறாம் நாளுக்குள் வீட்டுப் பீரோவைக் குடைந்து, விசாரணையின்போது கோப்பிலிருந்து உருவி ஒளித்து வைத்திருந்த அந்த மூன்று கடிதங்களையும் எடுத்தேன். ஆம், கிழிக்கவில்லை. ஒரு தாளில் எழுதினேன்: 'மேற்படி கடிதங்கள் கோப்பில் இருந்தன. இல்லை என்று நான் எழுதியது பொய். கோமதி அவர்கள் எழுதியது உண்மை.' ஒரு நகலை எங்கள் அலுவலகத்திலேயே கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துக் கேட்டேன். தபால் வாங்கும் பெண் படித்துப் பார்த்து முகம் வெளுத்து, "பாத்துச் சொல்லுதேன் சார்" என்றாள். அவளைக் குறை சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை.

மற்றொரு நகலை பதினாறாம் நாள் விசேஷத்தன்று அக்காவின் கணவரிடம் கொடுத்தேன். அவர் மாலை போட்ட படத்துக்குக் கீழே உட்கார்ந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். அழுவார், அல்லது என் சட்டையைப் பிடிப்பார் என்று நினைத்தேன். இரண்டுக்கும் தயாராகத்தான் போயிருந்தேன். அவர் தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடமே நீட்டினார்.

"தேதி போடல தம்பி. தேதி இல்லாம அவ வாங்க மாட்டா."

பேனாவை எடுத்தேன். அக்கா, அன்றைக்கே போட்டிருக்க வேண்டிய தேதி இது. இப்போதுதான் போட்டேன், வாங்கிக்கொள்ளுங்கள்.