பியானோவுக்குள் ஒரு கைலி

எங்கள் வீட்டுப் பியானோவின் மேல்மூடியைத் திறந்தால் மரவாசனை வராது, அப்பாவின் வாசனைதான் வரும். எஞ்சின் எண்ணெயும் சவர்க்காரமும் கலந்த வாசனை. உள்ளே, சுத்தியல்களுக்கும் கம்பிகளுக்கும் நடுவே, அவருடைய பழைய "கைலி" ஒன்று, நீலக்கட்டம் போட்டது, மடித்துத் தொங்கவிடப்பட்டிருந்தது. கட்டையை அழுத்தினால் சுத்தியல் போய்த் துணியில் இடிக்கும், துணிக்கு அந்தப்பக்கம் கம்பி லேசாக முனகும். சின்ன வயதில் நான் வாசித்துக் கேட்டதெல்லாம் அந்த முனகல்தான்.

பிடோக்கில் அடுக்குமாடி ஒன்றில் மூவறை வீடு. அப்பா தஞ்சோங் பகாரில் கப்பல் எஞ்சின்களைப் பழுதுபார்க்கும் சின்னப் பட்டறை ஒன்றில் வேலை பார்த்தார், எப்போதும் இரவு "ஷிப்ட்". நான் பள்ளிக்கூடம் கிளம்பும் நேரத்தில் வந்து, கோப்பியைக் குடித்துவிட்டு, கூடத்தில் மின்விசிறிக்கு நேர்கீழே பாயை விரித்துச் சாய்ந்துவிடுவார். பியானோவும் அதே கூடத்தில்தான் நின்றது. எதிர்வீட்டு லிம் ஆண்ட்டி மார்சிலிங்கில் இருந்த மகனோடு போய்த் தங்கக் கிளம்பியபோது, தூக்கிப்போட மனம் வராமல் "சாயாங் லா, சாயாங் லா", வீணாப் போயிடுமே என்று சொல்லிச்சொல்லி எங்கள் வீட்டுக்குள் தள்ளிவிட்டுப் போனது அது. அம்மா அதைச் சுற்றிச்சுற்றி வந்து பார்த்தாள், பிறகு அலமாரியிலிருந்து கைலியை எடுத்து வந்தாள்.

"அப்பா தூங்குறாரு. விரல் ஓடட்டும், சத்தம் வரக்கூடாது." இதுதான் எங்கள் வீட்டுச் சட்டம், மந்திரம், எல்லாம். அம்மா குக்கர் விசில் அடிக்கப்போகும் நேரம் பார்த்து ஓடிப்போய் அடுப்பை அணைப்பாள். தொலைபேசியைத் தலையணைக்கு அடியில் வைத்திருப்பாள். தொலைக்காட்சியைச் சத்தமில்லாமல் போட்டு, வாயசைவுக்கு ஏற்ப நானும் அவளும் வசனம் கட்டிக்கொள்வோம், சிரிப்பு வந்தால் துண்டைக் கடித்துக்கொள்வோம். இவ்வளவு பாடுபட்டுத் தூங்கவைத்த மனிதரோ எழுந்த பிறகு கூப்பிட்டாலும் திரும்பமாட்டார். "கொழுப்பப் பாத்தியா, காதுல விழாத மாதிரியே போறத!" என்று அம்மா கரண்டியோடு நிற்பாள்.

தேக்காவில் ஒரு மளிகைக்கடைக்கு மேல்மாடியில் குளோரி டீச்சர் பியானோ சொல்லிக்கொடுத்தார். அவர் பியானோவில் கைலி கிடையாது. முதல் நாள் நான் ஒரு கட்டையை அழுத்தியதும் அது கத்திய கத்தலில் கையைப் படக்கென்று இழுத்துக்கொண்டு, யாராவது எழுந்துவிட்டார்களா என்று வாசலைத் திரும்பிப் பார்த்தேன். "யாரும்மா உன்னைய அடிக்கப்போறா? நல்லா அழுத்தி வாசி லா!" என்று டீச்சர் தலையில் கைவைத்துக்கொண்டார். எத்தனையோ முறை சொல்லிப்பார்த்தார், பாவம். என் விரல் அடிவரைக்கும் இறங்குவதே இல்லை, பாதியில் நின்றுவிடும்.

அந்தப் பாதியில் நிற்கும் விரலைத்தான் பின்னாளில் உலகம் பாராட்டியது என்றால் நம்புவீர்களா? உபகாரச்சம்பளத்தில் வெளிநாடு போய் இசையமைக்கப் படித்தபோது, அங்கிருந்த பேராசிரியர் என் தாள்களைப் புரட்டிவிட்டு இந்த மௌனம் அபூர்வம் என்றார். நான் எழுதியவை மேடையேறின. கிழக்கின் தியானம் என்று விமர்சகர்கள் எழுதினார்கள். தியானமாம்! எங்கள் வீட்டில் ஒருத்தரும் சும்மா உட்கார்ந்ததே இல்லை, தூங்குகிற மனிதரைச் சுற்றி ஓடிக்கொண்டேதான் இருந்தோம். இதையெல்லாம் யாரிடம் விளக்குவது? ஊர் திரும்பினேன், பல்கலைக்கழகத்தில் வேலை கிடைத்தது, கடைசியில் பேராசிரியரும் ஆனேன்.

அப்பா மட்டும் என் இசையைக் கேட்டதே இல்லை. வேலை இருந்தவரை இரவெல்லாம் பட்டறை. ஓய்வு பெற்ற பிறகு, "எனக்கு என்னம்மா தெரியும் அதெல்லாம்" என்று நழுவிவிடுவார். ஒரே ஒருமுறை அவர் கேட்கவேண்டும், கேட்டுவிட்டு நன்றாக இருக்கிறது, இல்லை என்று ஏதாவது ஒன்று சொல்லவேண்டும் என்பது எனக்கு வெறியாகவே ஆகிவிட்டது. அவருடைய பகல் தூக்கத்தைப் பற்றியே ஒன்று எழுதினேன். தந்தி வாத்தியங்களோடு ஒரு பியானோ, அதற்குள் அதே மாதிரி நீலக்கட்டக் கைலி ஒன்று. கச்சேரி அன்று அப்பா பூப்போட்ட பாத்தேக் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு அம்மாவோடு முன்வரிசையில் உட்கார்ந்தார். வாத்தியங்கள் தணிந்து பியானோ மட்டும் முனகிக்கொண்டிருந்த இடத்தில், அரங்கம் முழுக்கக் கேட்கும்படி அம்மாவிடம் கேட்டார்: "எப்ப ஆரம்பிப்பாங்க?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். அப்போதுதான் எனக்குச் சந்தேகம் தட்டியது. அடுத்த வாரம் அவரை இழுத்துக்கொண்டு காது டாக்டரிடம் போனோம். இரண்டு காதும் போய்விட்டது, இது நேற்று இன்று வந்ததில்லை, எஞ்சின் சத்தத்தில் பல வருடங்களாகத் தேய்ந்து போனது, இனிமேல் கருவி வைத்தும் பயனில்லை என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா அவர் முகத்துக்கு நேரே நின்று, உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளும்படி கத்தினாள். "ஏங்க, எப்பத்துலேர்ந்து?"

"பாப்பா பள்ளிக்கூடம் போக ஆரம்பிச்சப்பவே கொஞ்சம் கொஞ்சமா மந்தமாயிருச்சு. வெளிய சொன்னா வேலைக்கு ஆகாதுன்னு அனுப்பிருவான். அதான் சொல்லல."

"பாவி மனுஷா! அப்ப நான் குக்கரத் தூக்கிட்டு ஓடுனதெல்லாம்?" அம்மா சிரிக்க ஆரம்பித்தாள், சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது.

அப்பா என் பக்கம் திரும்பினார். "அப்பல்லாம் பெரிய சத்தம் கேக்கும் பாப்பா. நீ வாசிக்கிறதக் கேக்கணும்னு பாயில கண்ண மூடிக்கிட்டு முழிச்சே கெடப்பேன். விரல் ஓடும், ஒண்ணும் கேக்காது. சரி, இதுக்கு மேல நமக்குக் கேக்காதுன்னு விட்டுட்டேன்."

துணி வைத்த சங்கதி அவருக்குத் தெரியாது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நானும் சொல்லவில்லை, எப்படிச் சொல்வது? அவருக்குக் கேட்கக்கூடிய வருடங்கள் அத்தனையும் ஒரு கைலிக்கு அந்தப்பக்கம் போய்விட்டன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போய், அவர் அறைக்குள் இருந்த நேரம் பார்த்துக் கைலியை உருவி எடுத்துவிட்டு, அவரை நாற்காலி போட்டுப் பக்கத்திலேயே உட்காரவைத்தேன். அப்போதும் விரல் பாதியில் நின்றது. என்மேலேயே எனக்கு ஆத்திரம் வந்து, உள்ளங்கையால், முழங்கையால், கண்டபடி இடித்தேன். அது இசையே இல்லை, வெறும் இடிதான். அப்பா மரத்தின் மேல் கையை வைத்து, "ஆடுது" என்றார், என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரி தலையை ஆட்டினார். அந்த நேரம் பார்த்துக் கதவு தட்டப்பட்டது, நான் கைகாட்ட அப்பா போய்த் திறந்தார். கீழ்வீட்டுத் தமிழ்ப் பையன். "சாரி அங்கிள், நான் ஆன்லைன் மீட்டிங்ல இருக்கேன், கொஞ்சம் ஸ்லோவா வாசிக்கச் சொல்லுங்க லா" என்றான், அவருக்குக் கேட்கவில்லை என்று தெரிந்ததும் உதட்டில் விரலை வைத்துக் காட்டினான். அப்பா அவனைக் கும்பிட்டு அனுப்பிவிட்டு வந்து, என் தோளைத் தொட்டுச் சொன்னார்.

"மெதுவா வாசி பாப்பா. கீழ ஆளுங்க இருக்காங்கல்ல."

என் இசையைப் பற்றி அவர் சொன்ன ஒரே வார்த்தை அதுதான்.

இப்போது அப்பா இல்லை. அம்மா அந்தக் கைலியைத் துவைத்து மடித்து அவரோடு அனுப்பிவைத்துவிட்டாள். பியானோவை யாரும் இலவசமாகக்கூட எடுத்துக்கொள்ளவில்லை, ஆள் வைத்துத்தான் இறக்கவேண்டியிருந்தது. தஞ்சோங் பகாரில் பட்டறை இருந்த இடத்தில் கண்ணாடிக் கட்டடம் நிற்கிறது, கீழே கோப்பி விற்கிறார்கள்.

பெரிய இசைக்குழு ஒன்று என்னிடம் ஒரு படைப்பு கேட்டிருக்கிறது. அப்பாவுக்காக, பித்தளையும் முரசும் வைத்து, கூரை இடிகிற மாதிரி ஒன்று எழுதிவிட வேண்டும் என்று தினமும் காலையில் உட்காருகிறேன். உரக்க என்று குறிக்கிறேன், அழிக்கிறேன், மென்மையாக என்று குறிக்கிறேன். அவர் இனி எந்தச் சத்தத்துக்கும் எழுந்திருக்கப்போவதில்லை, எனக்கு நன்றாகத் தெரியும். என் விரலுக்குத்தான் தெரியவில்லை.