பிந்துதுன்னு சொல்லுங்க

வத்தைத் தொழிலில் நம்மை அதிகமாக வேலை வாங்குவது துடுப்பு அல்ல, காத்திருப்புதான். பாய் கட்டிய அந்தச் சின்னப் படகை வைத்துக்கொண்டு சரக்குக்குக் காத்திருக்க வேண்டும், காற்றுக்குக் காத்திருக்க வேண்டும், "இந்தா வந்துட்டேன்" என்று டீக்கடைக்குள் நுழைந்த வியாபாரிக்கும் காத்திருக்க வேண்டும். பஸ் நிலையத்திலும் ஆபீஸ் வாசலிலும் கால் கடுக்க நின்ற உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஐம்பதுகளில் தேவிபட்டினம் துறையில் நான் வத்தை ஓட்டிய காலத்துச் சங்கதிகள் இவை.

அடுப்பு

துறையில் ஒவ்வொரு வத்தைக்கும் கட்டிப்போட ஓர் இடம் உண்டு. யாரும் எழுதிக் கொடுத்ததில்லை, ஆனால் மாறாது. எனக்கு அடுத்த இடம் மீரான் காக்காவுடையது; எங்கள் பக்கத்து முஸ்லிம்கள் அண்ணனைக் காக்கா என்பார்கள். அலையில் இரண்டு வத்தையும் உரசாமலிருக்கப் பழைய கயிற்றைப் பந்தாகச் சுற்றி நடுவில் தொங்கவிட்டிருந்தோம். எங்கள் இருவருக்கும் இடையில் இருந்த தடுப்பு அது ஒன்றுதான். மற்றபடி என் உப்பு அவர் குழம்பில் இருக்கும், அவர் வெற்றிலை என் வாயில் இருக்கும்.

ஒரு நோன்பு மாதத்தில் பகலில் மீன் குழம்பு வைத்தேன். பட்டினியாக இருக்கிற மனிதருக்கு வாசனை போகக் கூடாதென்று அடுப்பைத் தூக்கி வத்தையின் மறுகோடியில் வைத்து, சாக்கை வேறு மறைப்பாகக் கட்டினேன். நான் படும் பாட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு காக்கா சொன்னார்: "ஏலே, நீ மறைக்கிறதைப் பாத்தாத்தான் பசி கூடுது. அடுப்பை இங்கனயே வையி."

மாப்பிள்ளை வந்த வத்தை

மழையில் சாலை அறுத்துக்கொண்டு போனதால் தொண்டியிலிருந்து ஒரு மாப்பிள்ளை கடல்வழியாக வரவேண்டியிருந்தது. பெண் வீட்டார் மேளத்தோடு துறையில் நிற்கிறார்கள். சொன்ன நேரம் தாண்டிவிட்டது. பெண்ணின் தகப்பனார் கரையில் குறுக்கும் நெடுக்கும் நடந்து பார்த்தார். கடைசியில் தாங்க மாட்டாமல், "வத்தை வரலையே, வரலையே" என்று புலம்ப ஆரம்பித்துவிட்டார்.

எங்கள் துறையில் ஆகாத சொல் அது. கடலில் இருக்கிற வத்தையை அப்படிச் சொன்னால் அது வராமலே போய்விடும் என்று பயம். படித்தவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். வெயில் சாய்வதற்குள் மாப்பிள்ளை வந்து சேர்ந்தார், வழியெல்லாம் வாந்தியெடுத்து வெளுத்த முகத்தோடு. அதற்கு முன்னால் மீரான் காக்கா அந்தப் பெரியவரின் தோளில் கை வைத்துச் சொன்னதுதான் எனக்கு இன்றும் காதில் இருக்கிறது: "வரலைன்னு சொல்லாதீங்கய்யா. பிந்துதுன்னு சொல்லுங்க."

பக்கத்துத் துறைதானே

ஐப்பசியில் ஒரு காலை. திருப்பாலைக்குடிக்குச் சில அரிசி மூட்டைகள் போகவேண்டும். காக்காவோடு வழக்கமாகப் போகும் சீனி காய்ச்சலில் படுத்திருந்தான். நான் வருகிறேன் என்று வேட்டியை மடித்துக் கட்டினேன். அவர் கேட்கவில்லை. கயிற்றை அவிழ்த்து என் கையில் போட்டுவிட்டுச் சொன்னார்: "இந்தா இருக்கிற துறைக்கு ரெண்டு பேரு எதுக்கு? நீ எடத்தைப் பாத்துக்க. வாரேன்."

காலி இடம்

மூட்டைகளை இறக்கிவிட்டுத் திரும்பினார் என்பது வரைக்கும் தெரிந்தது. பிற்பகலில் வாடைக்காற்று திடீரென்று முறுக்கிக்கொண்டு வந்தது. காற்று அடங்கியதும் துறையிலிருந்த அத்தனை வத்தையும் தேடப் போனோம். பாயில் ஒரு கிழிசல்கூட அகப்படவில்லை. அவருடைய இடத்தை அப்படியே விட்டுவைத்தோம். பிந்துகிற வத்தையின் இடத்தில் இன்னொன்றைக் கட்டக் கூடாது. இனிக் கட்டலாம் என்று சொல்லும் உரிமை அந்த வீட்டுக்காரர்களுக்கு மட்டும்தான் உண்டு.

உப்பு வியாபாரியின் கணக்குப்பிள்ளை ஒருநாள், "மீரான் நல்ல மனுஷனா இருந்தாரு" என்று உச்சுக்கொட்டினார். காய்ச்சல் தெளிந்தும் தெம்பு திரும்பாமல் அங்கே உட்கார்ந்திருந்த சீனி, தலையைத் தூக்காமலே சொன்னான்: "இருக்காருன்னு சொல்லுங்க."

வெளியூர் வத்தை

மழை ஓய்ந்த சமயம் தூரத்து ஊர் வத்தை ஒன்று வந்தது. அதை ஓட்டி வந்தவர் காலி இடத்தைப் பார்த்து நேராக அங்கே திருப்பினார். நான் கையை நீட்டித் தடுத்தேன். "இம்புட்டு எடம் சும்மா கெடக்கே" என்று அவருக்கு எரிச்சல். "எங்க வத்தை ஒண்ணு பிந்துது" என்றேன்.

அவர் எறியத் தயாராக வைத்திருந்த கயிற்றைச் சுருட்டிக்கொண்டு, சேறு அதிகமான கடைக்கோடியில் போய்க் கட்டினார். சாயங்காலம் டீ குடிக்கும்போது என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து மெதுவாகச் சொன்னார்: "எங்க துறையிலயும் ஒரு எடம் இப்படிக் கெடக்கு."

ஆமினா அக்கா

காக்காவின் மனைவி ஆமினா அக்கா துறைக்கு வந்ததே இல்லை. கணவன் இறந்தால் மனைவி வெளியே வராமல் வீட்டோடு இருக்கும் இத்தாவை ஆரம்பிக்கச் சொல்லிப் பெரியவர்கள் பலமுறை எடுத்துச் சொல்லியும் அவர் சம்மதிக்கவில்லை. சம்மதித்தால் காக்கா இறந்துவிட்டார் என்று தானே சொன்னதாகிவிடும். எங்களுக்கும் அதில் ஒரு நிம்மதி இருந்தது. அவர் இத்தா இருக்காதவரை காக்கா பிந்திக்கொண்டுதான் இருந்தார்.

ஒருநாள் காலை முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அவரே துறைக்கு வந்தார். பக்கத்தில் அணைப்பில்லாமல் என் வத்தை ஆடி ஆடி முளையில் மோதிப் பலகை ஒன்று விரிசல் கண்டிருந்தது. அதைத் தடவிப் பார்த்தார். நடுவில் தொங்கிய கயிற்றுப் பந்தையும் பார்த்தார். நான் பாயைச் சரிசெய்வதுபோலத் திரும்பி நின்றேன். முதுகுக்குப் பின்னால் அவர் குரல் கேட்டது: "அவுக ரொம்பப் பிந்திட்டாக, தம்பி. நாளையிலேருந்து நான் இத்தா இருக்கப் போறேன், வெளிய வர ஏலாது. அந்த எடத்துல வத்தையைக் கட்டிக்கங்க."

அதற்குப் பிறகு பஸ்ஸோ ரயிலோ தபால்காரரோ எவ்வளவு பிந்தி வந்தாலும் எனக்குக் கோபம் வருவதில்லை, எப்படியோ வந்துவிடுகிறார்களே.